அறுபத்து நான்கு மார்க்

சாலமோன் தன் வாழ்க்கையில் பாஸான ஒரே பரீட்சை ரத்தப் பரீட்சைதான். அதிலும் அவர் எதுவும் எழுதவில்லை. கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அது இரண்டாயிரத்துப் பதினெட்டு, டிசம்பர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவர் வேலை பார்க்கும் இரும்புக் கம்பி ஆலைக்குச் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. கேன்டீன் வாசலில் பேனர் கட்டினார்கள். 'புகையிலையும் மனித எபிஜெனோமும்' என்று போட்டிருந்தது.

"எபிஜெனோம்னா எந்தப் பக்கம்பா, காட்டுப்பள்ளிகிட்டயா?" என்று கேட்டான் கலியன். கலியன் சாலமோனுக்குப் பக்கத்து இடத்தில் வேலை செய்பவன், இருபது வருடப் பழக்கம். ரத்தம் கொடுப்பவர்களுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இலவசம் என்று சொன்னார்கள். அது எல்லோருக்கும் புரிந்தது. நூற்றுப் பத்துப் பேர் கையை நீட்டினார்கள்.

நாலு மாதம் ஆகியும் ஒரு சேதியும் இல்லை. ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் ரிசல்ட் சொல்ல வேண்டாமா என்று ஆலையில் பேச்சு கிளம்பியது. சங்கத்தில் மனுக் கொடுத்தார்கள். பொதுவாக இந்த மாதிரி ஆராய்ச்சியில் தனித்தனியாகத் தாள் கொடுப்பதில்லையாம். இவர்கள் விடவில்லை. கடைசியில் கவரில் போட்டு ஆளுக்கொரு தாள் வந்தது. தாளில் முக்கால் பாகம் ஒருவருக்கும் விளங்கவில்லை. அடியில் இருந்த வரி மட்டும் எல்லோருக்கும் விளங்கியது.

சாலமோனின் தாளில் அது 'மெத்திலேஷன் மார்க்: 47%.'

மார்க் என்றால் மார்க். அதில் என்ன சந்தேகம்? பாஸ் மார்க் முப்பத்தைந்து. அதிலும் சந்தேகமில்லை. கலியன் முப்பத்தெட்டு வாங்கி மயிரிழையில் தப்பித்திருந்தான். ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் விமலுக்கு எண்பத்தேழு. "அந்தாளு படிச்சவன், வாங்குவான். நம்மளுக்கு பாஸானா போதும்" என்றான் கலியன்.

சாலமோன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றில் பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தொன்று வாங்கியவர். நாலு மார்க்கில் போனது. அந்த நாலு மார்க் இருந்திருந்தால் ஐடிஐக்குப் போயிருக்கலாம், ஃபிட்டர் ஆகியிருக்கலாம் என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். ஆகவே நாற்பத்தேழை அவர் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தாளை மடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி ஹெலனிடம் காட்டினார். ஹெலன் அதைப் பைபிளுக்குள் வைத்தாள். அதன்பின், பீடியை விடச் சொல்லி அவள் வாயைத் திறந்தால் போதும், "ரத்தமே பாஸு. உனுக்கு இன்னாம்மே?" என்று முடித்துவிடுவார்.

சாலமோன் பீடிக்கு வந்த கதை ஆலையின் ஒரு விதியிலிருந்து தொடங்குகிறது.

உலையிலிருந்து சிவப்பாக வரும் கம்பிகள் உருளைகளுக்குள் புகுந்து நீண்டு, கடைசியில் ஒரு பெரிய இரும்பு மேடையில் வந்து விழுந்து ஆறும். அதற்குக் கூலிங் பெட் என்று பெயர். ஒன்றோடொன்று ஒட்டாமல் கொக்கியால் கம்பிகளைப் பிரித்து விடுவது சாலமோனின் வேலை. ஷிப்டு முழுக்க நின்றபடிதான். கம்பி படுத்துக்கொண்டு ஆறும், ஆள் நின்றுகொண்டு வேகுவான். உட்காருவதற்கு மதியச் சாப்பாட்டை விட்டால் ஒரே வழி பீடி டைம்.

உலைக்குப் பக்கத்தில் எண்ணெய்க் குழாய் போகிறது. அங்கே எவனாவது பற்ற வைத்தால் ஆலையோடு போய்விடும் என்று, ஆதியில் இருந்த மேனேஜர் ஒருவர் விதி போட்டார். புகை பிடிப்பவர்கள் காயலான் இரும்புக் குவியலுக்குப் பின்னால் இருக்கும் தகர ஷெட்டுக்குத்தான் போக வேண்டும். காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம். பிடிக்காதவர்களுக்கு அந்த ஷெட்டில் வேலை இல்லை. நிர்வாகத்துக்கு இது பாதுகாப்பு விதி. தொழிலாளிகளுக்கு இது உட்காரும் விதி.

பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த சாலமோன் இருபது நாள் நின்று பார்த்தார். இருபத்தோராம் நாள் ஒரு பீடி கேட்டு வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். அவருக்குப் பீடி பிடிக்கவில்லை. உட்காரப் பிடித்தது. ஆனால் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆறு மாதத்தில் நாளுக்கு ஒரு கட்டு என்று நிலைத்துவிட்டது.

இருபத்தேழு வருடம் அப்படியே போனது. இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஆலை மூடியது, கடை மூடியது. பீடி கள்ளத்தனமாக மூன்று மடங்கு விலைக்கு விற்றது. அதையும் வாங்கப் போனவர்களைப் போலீஸ் துரத்தியது. சாலமோன் முதல் வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரம் ஹெலனிடம் சண்டை போட்டார். ஐந்தாம் வாரம் இட்லிக்கு ருசி வந்தது. ஆலை திறந்தபோது அவருக்குப் பீடி தேவைப்படவில்லை. மன உறுதி என்று சொல்ல ஒன்றுமில்லை, கடை மூடியிருந்தது. பீடியை விட்டவர்கள் சொல்லும் கதைகளில் ஒரு வேண்டுதலாவது, ஒரு சபதமாவது, ஒரு டாக்டராவது இருப்பார்கள். சாலமோனின் கதையில் யாருமே இல்லாததால் அதை யாரும் நம்பவில்லை.

நம்பாததற்கு வேறொரு காரணமும் உண்டு. அவர் ஷெட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை.

பீடியை விட முடிந்தது, பத்து நிமிடத்தை விட முடியவில்லை. சட்டைப் பையில் ஒரு கட்டு வைத்துக்கொண்டார். ஷெட்டில் ஒன்றை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார். இழுக்காத பீடி தானாக அணைந்துவிடும். அணைந்த பீடியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் விடும் புகைக்குள் உட்கார்ந்திருப்பார். ஒரு பீடி நாலு நாள் வரும். கட்டு மாதக்கணக்கில் வரும்.

இதை ஹெலனிடம் அவர் மறைக்கவில்லை. தொடக்கத்திலேயே சொன்னார்.

"நான் பீடி புடிக்கிறது இல்லம்மே. புடிக்கிற மாதிரி நடிக்கிறேன்."

ஹெலன் துவைக்க எடுத்த சட்டையை முகர்ந்து பார்த்தாள். "சட்டையும் நடிக்கிதா?"

"பக்கத்துல புடிக்கிறானுங்க."

"பையில கீற கட்டு?"

"அது சும்மா."

"யோவ், இத்தினி வருஷத்துல நீ நல்லா பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. இது அதுலயும் மட்டம்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை வாளியில் போட்டாள்.

சாலமோன் மேற்கொண்டு வாதாடவில்லை. உண்மையைச் சொன்னாயிற்று. நம்புவது அவள் பாடு என்று இருந்துவிட்டார். அப்படி இருந்ததற்கு ஐந்து வருடம் கழித்து விலை வந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், ஜெபா. பி.காம். வீட்டில் முதல் பட்டதாரி. அவள் காலேஜில் சேரும்போது தாலுகா ஆபீஸுக்கு மூன்று தடவை நடந்து முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கி வந்தவர் சாலமோன்தான். இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் ஒருவரும் பட்டம் வாங்கவில்லை என்று அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுக்கும் தாள் அது. தான் எட்டாததற்கும் ஒரு சான்றிதழ் உண்டு என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஜெபாவைத் திருநின்றவூரில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை அன்பு மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறவர்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து பிப்ரவரியில் ஜெபாவுக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பதால் ஏழாம் மாதம் அழைத்து வருவதாகப் பேச்சு. சாலமோன் உள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார், புது ஃபேன் மாட்டினார், ஜன்னலுக்குக் கொசு வலை வைத்தார், கக்கூஸுக்குக் கைப்பிடி போட்டார். எல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபா போன் செய்தாள்.

"நைனா, டாக்டர் கேட்டாங்க. ஊட்ல யாரான்னா சிகரெட்டு, பீடி புடிக்கிறாங்களான்னு. புள்ளைக்கு வெயிட்டு கம்மியா கீதாம். புகை ஆவாதாம்."

"நான்தான் உட்டுட்டனே."



"அம்மா வேற மாதிரி சொல்லுது நைனா. மாமியாரும், எதுக்கு ரிஸ்க்கு, இங்கயே இருன்றாங்க. நான் இங்கயே இருந்துட்றேனே."

சாலமோன் புது ஃபேனைப் பார்த்தார். சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய் நிறுத்தினார்.

ஜனவரியிலேயே ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டாம் தடவை வந்து ரத்தம் எடுத்துப் போயிருந்தார்கள். இந்த முறை தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். மார்ச் கடைசியில் கவர்கள் வந்தன. அடி வரியில் அறுபத்து நான்கு.

"டேய், ஃபர்ஸ்ட் கிளாஸுடா!" என்றான் கலியன். அவன் முப்பத்தாறுக்கு இறங்கியிருந்தான். "எனுக்கு ரெண்டு மார்க்கு போச்சு. பேப்பர் திருத்தனவன் சரியில்ல."

சாலமோன் அன்று சாயங்காலம் ஷெட்டுக்குப் போனபோதுகூடத் தாளைச் சட்டைக்குள் வைத்திருந்தார். அது கையில் இருந்தால் ஜெபா வந்துவிடுவாள் என்று தோன்றியது. படித்த பெண், தாளை நம்புவாள். மறு ஞாயிறு காலையிலேயே கிளம்பி, பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, திருநின்றவூரில் இறங்கி, மாப்பிள்ளையின் ஃபிளாட்டில் மூன்றாம் மாடி ஏறி, தாளை மகளின் கையில் கொடுத்தார்.

"பாரு. அப்ப நாப்பத்தேழு. இப்ப அறுபத்து நாலு."

முதல் எண்ணை அவள் காதில் வாங்கவில்லை. தாளைப் படித்தாள். பிறகு போனை எடுத்து எதையோ தேடிப் படித்தாள். வெகு நேரம் படித்தாள். சாலமோன் மிக்சரைத் தின்றுகொண்டிருந்தார்.

"நைனா, இது பரீட்சை மார்க்கு இல்ல."

"பின்ன?"

"புகையே புடிக்காதவங்களுக்கு எண்பத்தஞ்சுக்கு மேல இருக்குமாம். புடிக்கப் புடிக்க எறங்குமாம். உனுக்கு அறுபத்து நாலு கீது." அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "நீ புடிக்கிற நைனா. பரவால்ல. ஆனா அத்த பாஸுன்னு எனுக்கே எடுத்துகினு வந்து காட்டாத."

மாமியார் சாப்பிட்டுப் போகச் சொன்னார். சாலமோன் சாப்பிட்டார். நல்ல கோழிக் குழம்பு. திரும்பும்போது பேசின் பிரிட்ஜில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினார். கணக்கில் நாலு மார்க்கில் ஃபெயிலான அன்றும் அவர் வீட்டுக்கு இப்படித்தான் சுற்றிப் போனார்.

செவ்வாய்க்கிழமை கேன்டீனில் ஒரு மேசை போட்டு, தாளில் சந்தேகம் கேட்க வருபவர்களுக்கு விளக்கம் சொல்ல ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் அருணா. ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம், எம்.எஸ்சி. காலையிலிருந்து அவளிடம் வந்தவர்கள் ரீவேல்யூவேஷன் உண்டா என்று மட்டுமே கேட்டிருந்தார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலின் மூடி லீக் ஆகிறது என்றார்.

சாலமோன் தாளை நீட்டி நேராக விஷயத்துக்கு வந்தார். "எனுக்கு ஒரு சர்டிபிகேட்டு வேணும்மா."

"என்ன சர்டிபிகேட் அங்கிள்?"

"பீடி உட்டதுக்கு."

"அப்படி ஒண்ணு கெடையாதே."

"படிக்காததுக்கே குடுக்குறாங்க. உட்டதுக்குக் குடுக்க மாட்டாங்களா?"

அருணாவுக்கு அது உடனே புரிந்துவிட்டது. அவள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் முதல் பட்டதாரித் தாள் ஒன்று இருந்தது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். சாலமோன் உட்கார்ந்தார். ஊரடங்கைச் சொன்னார், அணைந்த பீடியைச் சொன்னார், மகளைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவர் அதைக் கவனித்துக்கொண்டார்.

"அங்கிள், உங்க மில்லு கரண்டு ரூம் பாத்துருக்கீங்களா?"

"பாத்துருக்கேன். ஷட்டவுன் அன்னிக்கு சுவிட்சு மேல 'போடாதே'ன்னு அட்டை மாட்டுவாங்க."

"அதேதான். உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் ஒயரிங் ஒண்ணுதான். அது அப்பா அம்மா குடுத்தது. நாங்க ஒயரிங்கப் பாக்கல. சுவிட்சு மேல தொங்குற அட்டையப் பாக்குறோம். அந்த அட்டைக்குப் பேருதான் மெத்தில். மொத்தமா எந்தெந்த சுவிட்சுல அட்டை தொங்குது, எதுல தொங்கலன்றதுதான் எபிஜெனோம்."

"சரி."

"பீடிப் புகை உள்ள வந்தா, அந்த விஷத்த சமாளிக்க உடம்பு சில சுவிட்சப் போட்டாவணும். அப்ப அட்டை கழண்டுடுது. உங்க தாள்ல இருக்கிறது ஒரே ஒரு சுவிட்சு. நூறு எடத்துல பாத்தா எத்தன எடத்துல அட்டை மாட்டியிருக்குன்னு கணக்கு. உங்களுக்கு அறுபத்து நாலு."

"அப்ப மார்க்குன்றது..."

"மார்க்குன்னா குறி அங்கிள். அடையாளம்."

ஆறு வருடமாக ஓர் ஆலையே பாஸாகியிருந்தது.

"நாங்கதான் தமிழ்ல சரியாப் போட்டிருக்கணும்" என்றாள் அருணா. "காலையிலேர்ந்து எனக்கு அதுவே ஓடிட்டிருக்கு."

"பரவால்லம்மா. உட்டு அஞ்சு வருஷம் ஆச்சே, அட்டைய ஏன் திரும்ப மாட்டல?"

"மாட்டும். மெதுவா மாட்டும். மொத சில வருஷத்துல கொஞ்சம் ஏறும். ரொம்ப நாள் நெறைய புடிச்சவங்களுக்கு இருபது, முப்பது வருஷம் ஆனாலும் முழுசா ஏறுறதில்ல. அதனாலதான் இந்த ஒரு தாள வெச்சு, நீங்க இப்பப் புடிக்கிறீங்களா, விட்டவரான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. உலை புகைக்கும் இதுல பங்கு இருக்கலாம். எனக்கே முழுசாத் தெரியாது அங்கிள்."

"அப்ப நாப்பத்தேழுலேர்ந்து அறுபத்து நாலு வந்தது ஒண்ணும் இல்லியா?"

அருணா பேனாவைக் கீழே வைத்தாள். "எது நாப்பத்தேழு?"

"மொத தபா எடுத்தீங்களே, அந்த மார்க்கு. அடையாளம்."

"அந்த லிஸ்ட்டுல பேர் கெடையாது, வெறும் நம்பர்தான். என்கிட்ட இல்ல. உங்ககிட்ட அந்தத் தாள் இருக்கா?"

"பைபிள்ல கீது."

"அப்ப அதான் உங்க சர்டிபிகேட்" என்றாள் அவள். உடனே அவசரமாகத் திருத்தினாள். "சர்டிபிகேட் இல்ல. ஆனா புடிச்சுட்டே இருக்கிற ஒருத்தருக்கு நாப்பத்தேழு அறுபத்து நாலா ஏறாது. நான் படிச்ச வரைக்கும் ஏறாது. ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டுங்க. உங்க பொண்ணு வேணும்னா எனக்குப் போன் பண்ணட்டும்." நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

சாலமோன் எழுந்திருக்கவில்லை.

"இன்னொண்ணு கேக்கணும். எம் பொண்ணு வயித்துல இருந்தப்ப எங்களுக்கு ஒரே ரூமு. நான் உள்ளயே உக்காந்து புடிப்பேன். அப்ப அதும் ரத்தத்துல அட்டை கழண்டிருக்குமா?"



"அம்மா புடிச்சா, கொழந்த ரத்தத்துல தெரியுது. அதுங்க பெருசானப்புறமும் கொஞ்சம் தெரியுதுன்னு பாத்திருக்காங்க. பக்கத்துல இருக்கிறவங்க புடிச்சதுக்கு அந்த அளவு உறுதியா சொல்ல முடியல. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"இருக்கலாம்ன்ற."

"தெரியாதுன்றேன் அங்கிள்."

பின்னால் கலியன் தன் முப்பத்தாறோடு நின்றுகொண்டு, "இன்னாபா, ட்யூஷனா? எழுந்துரு, எனுக்கு ரெண்டு மார்க்கு வரணும்" என்றான்.

அன்றைக்கு வீட்டில் பைபிளைத் திறந்தது ஹெலன்தான். சங்கீதத்துக்கும் நீதிமொழிகளுக்கும் நடுவில் தாள் இருந்தது, ஓரம் பழுத்திருந்தது. சாலமோன் புதுத் தாளை அதன் பக்கத்தில் வைத்து, கரண்டு ரூமில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். பாதியில் சுவிட்சும் அட்டையும் இடம் மாறிவிட்டன. மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

ஹெலன் இரண்டு எண்களையும் பார்த்தாள். எழுந்து போய் ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து பீடிக் கட்டை எடுத்து வந்தாள். மேல் தாள் வெளுத்திருந்தது.

"இது பொங்கலுக்கு முன்னாடி ஒரு தபா சட்டையோட தண்ணில நனைஞ்சிது. நான்தான் காய வெச்சு திரும்பப் பையில போட்டேன்."

"ஆமா."

"இப்ப ஏப்ரலு."

"ஆமா."

"நனைஞ்ச பீடிய எவன் நாலு மாசம் வெச்சிருப்பான்?" இதை அவரிடம் கேட்டது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கட்டைப் பைபிளுக்குள் வைக்கப் போய், யோசித்து, ஜன்னல் மேட்டில் வைத்தாள். "ஜெபாக்கு போனப் போடு. நான் பேசறேன்."

ஜெபா இரண்டு தாள்களையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அருணாவிடம் அரை மணி நேரம் பேசினாள். பிறகு நைனாவைக் கூப்பிட்டாள்.

"சாரி நைனா."

"இன்னாத்துக்கு? நீ படிச்சத சொன்ன."

"பாதிதான் படிச்சேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வர்றேன். ஆனா ஒண்ணு. அந்த ஷெட்டு ஆவாது. நீ புடிக்கலன்னாலும் அங்க கீற புகை உன் சட்டையில ஊட்டுக்கு வரும். புள்ளையத் தூக்கறவன் அப்புடி வரக்கூடாது."

"நான் உக்கார்றதுக்குத்தான் போறேன்."

"தெரியும்" என்றாள் ஜெபா.

மறுநாள் சாலமோன் சூப்பர்வைசர் சரவணகுமாரைப் பார்த்தார். டிப்ளமா படித்தவர், சாலமோனைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"சார், நான் பீடி உட்டுட்டேன்."

"ரொம்ப சந்தோஷம். எப்பலேர்ந்து?"

"அஞ்சு வருஷம் ஆவுது."

சரவணகுமார் கையிலிருந்த டீயை வைத்தார். "அப்ப அஞ்சு வருஷமா ஷெட்டுல இன்னா பண்ணிகினு இருந்த?"

"உக்காந்துகினு இருந்தேன் சார்."

"அதுக்கு ரூல் இல்லியே."

"அதான் சார், இனிமே ஷெட்டுக்குப் போல. அந்தப் பத்து நிமிஷத்த தண்ணி டேங்க்காண்ட உக்காந்துக்கறேன்."

"எதுக்குன்னு எழுதறது? புடிக்கிறவனுக்கு பீடி டைம்னு இருக்கு. உனுக்கு இன்னா டைம்னு போடறது?"

சாலமோன் யோசித்துப் பார்த்தார். கால் வலிக்கிறது என்பதற்கு ஆலையில் சொல் இல்லை. "கம்பி ஆற வைக்கிறோம் இல்ல சார், அந்த மாதிரி" என்றார்.

"மேல கேட்டுச் சொல்றேன்" என்றார் சரவணகுமார்.

மேலே இருந்து பதில் வரவில்லை. சாலமோன் நின்றார். பத்து மணிக்குக் கலியனும் மற்றவர்களும் ஷெட்டுக்குப் போகும்போது அவர் கொக்கியோடு கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரக் கடைசியில் கணுக்கால் வீங்கியது. ஹெலன் வெந்நீரில் உப்புப் போட்டு வைத்தாள்.

"நீ புடிக்கலன்னு எனுக்கு அப்பவே தெரியும். ஒரே பீடி நாலு நாளு உங் கையில இருக்கும்" என்றான் கலியன் ஒரு நாள்.

"டேய், அப்ப ஹெலனாண்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னேனே, போன ஈஸ்டருக்கு. அந்தாளுக்கு சாட்சி சொல்ல நீதான் கெடச்சியான்னு என்னக் கேட்டுச்சு." கலியன் காதில் சொருகியிருந்த பீடியை எடுத்துப் பார்த்தான். "ஏன்டா, எனுக்கும் ஏறுமா, அந்த அட்டை?"

"உட்டா ஏறுமாம்."

"உட்டா எங்க உக்கார்றது?" என்று கேட்டுவிட்டு அவன் ஷெட்டுக்குப் போனான்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு ஜெபாவை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை கிளம்பினார். சாலமோனுக்குக் காலை ஷிப்டு. முடிந்ததும் நேராகக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் போனார். ரயில் நாற்பது நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். பிளாட்பாரத்தில் சிமென்ட் பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். நாற்பது நிமிடம். எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ரயில் வந்தது. மாப்பிள்ளை பெட்டியோடு முன்னால் இறங்கினார். ஜெபா ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். தோளில் ஒரு பை. சாலமோன் கையை நீட்டினார். அவள் பையைக் கொடுக்கவில்லை. அருகில் வந்து, அம்மாவைப் போலவே குனிந்து, அவர் சட்டைத் தோளை முகர்ந்தாள். பின்னால் இறங்க வேண்டியவர்கள் காத்திருந்தார்கள்.

"கிரீஸு" என்றாள்.

பையைக் கொடுத்தாள்.